கேம்ப் தளத்தில் கோடை வேலை: நீங்கள் கேட்டவை

ஐரோப்பாவில் கோடையில் திறக்கும் கேம்ப் தளங்களில் ஒரு சீசன் வேலை பார்ப்பது பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலரும் பிரான்ஸைக் குறிப்பிட்டே கேட்டிருப்பதால் சம்பளம், சட்டம் பற்றிய பதில்கள் பெரும்பாலும் அந்த நாட்டுக்கானவை. கேஸ், கரண்ட், கித்தான் ஆகியவற்றுக்கு எல்லை கிடையாது.

கேள்வி: ‘கேம்ப் உதவியாளர்’ என்று விளம்பரம் வருகிறது. விருந்தினரை வரவேற்பதும் குழந்தைகளுக்கு விளையாட்டுக் காட்டுவதும்தான் வேலையா?

பதில்: பெரும்பகுதி வாளியும் துடைப்பமும்தான். அதைத் தெரிந்துகொண்டு போகிறவர்கள் சீசனை முடிக்கிறார்கள். ஏரிக்கரையில் கிட்டார் வாசிக்கும் விளம்பரப் படத்தை நம்பிப் போகிறவர்கள் பாதியிலேயே மூட்டை கட்டுகிறார்கள்.

தளத்தில் மூன்று வகை இடங்கள் இருக்கும். சக்கரத்தில் வந்து இறங்கிய சிறு வீடுகளான மொபைல் ஹோம்கள், கட்டில் அடுப்போடு நிற்கும் பெரிய கித்தான் கூடாரங்கள், விருந்தினரே தம் கூடாரத்தையோ கேரவனையோ கொண்டுவந்து போடும் வெறும் மனைகள். மார்ச், ஏப்ரலில் கூடாரம் அமைப்பவர்களும் மொபைல் ஹோம்களைத் திறப்பவர்களும் வருவார்கள். அதன் பிறகு செப்டம்பர்வரை சுத்தம், வரவேற்பு மேசை, பழுதுபார்ப்பு, குழந்தைகள் நிகழ்ச்சி. ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். செப்டம்பர், அக்டோபரில் எல்லாவற்றையும் பிரித்துக் கட்டும் குழு. ஆள் எடுப்பு குளிர்காலத்திலேயே தொடங்கிவிடும் என்பதால் மே மாதம் விண்ணப்பிப்பது தாமதம். பல்லைக் கடித்துக்கொண்டு உடலுழைப்பு செய்யத் தயாரென்றால் அமைக்கும் குழுவில் சேருங்கள். விருந்தினர் தொல்லை இல்லாத ஒரே வேலை அதுதான்.

கேள்வி: சுற்றுலா விசாவில் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கேயே வேலை அனுமதி வாங்கிவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட். நம்பலாமா?

பதில்: வேண்டாம். ஷெங்கன் (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) சுற்றுலா விசாவில் ஒரு நாள் வேலை செய்தாலும் சட்ட மீறல்தான். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சீசன் தொழிலாளர்களுக்கென்றே 2014-ல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் அதில் சேரவில்லை. அந்தச் சட்டப்படி முதலில் வேலை ஒப்பந்தம், பிறகுதான் விசா. இடம், வேலையின் தன்மை, காலம், சம்பளம், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மருத்துவக் காப்பீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் சான்று கேட்பார்கள். 12 மாதத்தில் எவ்வளவு காலம் தங்கலாம் என்பதை 5 முதல் 9 மாதத்துக்குள் அந்தந்த நாடே வைத்துக்கொள்ளும்.

பிரான்ஸில் இது ஆண்டுக்கு 6 மாதம். அதிகபட்சம் 3 ஆண்டுகள் செல்லும் சீசன் தொழிலாளர் அட்டை தருகிறார்கள். நிரந்தர வசிப்பிடம் பிரான்ஸுக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. நீங்களும் அல்ல, ஏஜென்டும் அல்ல. ‘அனுமதி வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடு’ என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பிரிட்டனின் சீசன் தொழிலாளர் விசாவைப் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அது தோட்டப் பயிர் அறுவடை போன்ற வேலைகளுக்கானது. கேம்ப் தள வேலைக்குச் செல்லாது.

கேள்வி: என் மகன் பிரான்ஸில் மாணவர் அனுமதியில் படிக்கிறான். கோடை முழுவதும் கேம்ப் தளத்தில் வேலை செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் மணிக்கணக்கு உண்டு. மாணவர் அனுமதியில் ஆண்டுக்கு 964 மணி நேரம்தான் வேலை செய்ய முடியும். வாரம் 35 மணி என்றால் அது சுமார் 27 வாரத்துக்கு வரும். கணக்குப் பார்த்தால் ஒரு சீசனுக்குத் தாராளம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், படிப்புக் காலத்தில் வார இறுதிகளில் செய்த பகுதி நேர வேலையும் இதே கணக்கில்தான் கழியும். மிகுதி நேர வேலையும் சேரும். ஆகவே பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து மணிகளைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். வேலை தொடங்குவதற்குக் குறைந்தது 2 வேலைநாள் முன்பே முதலாளி மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். அதற்காக வசிப்பு அட்டையின் நகலைக் கேட்பார்கள், சந்தேகப்பட வேண்டாம்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதையெல்லாம் உற்றுப் பார்க்க வேண்டும்?

பதில்: முதலில் மணிக்கணக்கு. பிரான்ஸில் சட்டப்படி வாரம் 35 மணி. அதற்கு மேல் முதல் 8 மணிக்கு 25 சதவீதம் கூடுதல், அதற்கும் மேல் 50 சதவீதம். முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் போட்ட துறை ஒப்பந்தம் இருந்தால் இது மாறலாம், ஆனால் 10 சதவீதத்துக்குக் கீழே போகாது. 2025-ல் குறைந்தபட்ச மணிக்கூலி, பிடித்தங்களுக்கு முன், 11.88 யூரோவாக இருந்தது. வாரம் 42 மணி வேலை என்றால் மிகுதி 7 மணி 8.75 மணியாக எண்ணப்படும். ஆக மொத்தம் 43.75 மணிக்குக் கூலி, அதாவது 519.75 யூரோ. உங்கள் ஒப்பந்தத்தில் ‘வாரம் 42 மணி’ என்று இருந்து, சம்பளம் 42-ஐ மட்டும் பெருக்கிய தொகையாக இருந்தால் கேளுங்கள்.

நாளுக்குப் பொதுவாக 10 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. இரு வேலை நாட்களுக்கு நடுவே 11 மணி ஓய்வு உண்டு. இரவு 10 மணிக்கு வரவேற்பு மேசையை மூடியவரை மறுநாள் காலை 8 மணிக்குச் சுத்தம் செய்ய அழைப்பது இந்தக் கணக்கில்தான் மாட்டும்.

இரண்டு ‘10 சதவீத’ங்களை எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள். எடுக்காத விடுப்புக்கு ஈடாக மொத்தச் சம்பளத்தில் 10 சதவீதம் சீசன் தொழிலாளருக்கும் உண்டு. தற்காலிக ஒப்பந்தம் முடியும்போது தரும் இன்னொரு 10 சதவீதம் சீசன் ஒப்பந்தத்துக்குக் கட்டாயமில்லை. முதலாவதைக் கேட்டு வாங்குங்கள். இரண்டாவதற்குச் சண்டை போட்டுப் பயனில்லை.

அடுத்தது தங்குமிடம். கூடாரமா, மொபைல் ஹோமா, எத்தனை பேரோடு, வாடகை எவ்வளவு, முன்பணம் உண்டா, ஹீட்டர் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் சீசன் தொழிலாளருக்கு முதலாளி தரும் இடத்தின் வாடகை, சம்பளத்தோடு ஒப்பிட அதிகமாக இருக்கக் கூடாது. சம்பளத்திலிருந்து தானாகவே பிடித்துக்கொள்ளவும் கூடாது. சம்பளம் மாத இறுதியில்தான் வரும் என்பதால் 5, 6 வாரச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும்.

கேள்வி: காலை 10 மணிக்கு ஒரு குடும்பம் காலி செய்கிறது, மாலை 4 மணிக்கு அடுத்த குடும்பம் வருகிறது. இரண்டு பேராக 6 மொபைல் ஹோம்களை முடிக்கச் சொல்கிறார்கள். முடியுமா?

பதில்: முடியும், ஆனால் வரிசை தவறினால் முடியாது. ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்று கணக்குத் தோன்றினாலும் நடையும் துணி சுமப்பதும் போக 50 நிமிடம்தான் கிடைக்கும்.

நுழைந்ததும் துடைக்கத் தொடங்காதீர்கள். ஜன்னல் எல்லாம் திறங்கள். ஃபிரிட்ஜை அணைத்து, கதவு மூடாமலிருக்க ஒரு துணியைச் செருகுங்கள், ஐஸ் உருகட்டும். குளியலறைத் தொட்டியிலும் டாய்லெட்டிலும் சுண்ணாம்புப் படிவு நீக்கியையும், அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு நீக்கியையும் தெளித்துவிட்டு விலகுங்கள். இவையெல்லாம் ஊற நேரம் எடுப்பவை. தெளித்த உடனே தேய்க்கிறவர் மருந்தின் வேலையைத் தன் தோளால் செய்கிறார்.

அந்த நேரத்தில் ஒருவர் படுக்கை உறைகளை உரித்து, கட்டிலுக்கு அடியிலும் இழுப்பறைகளிலும் பார்க்கட்டும். மற்றவர் தட்டு, டம்ளர், கத்தி, பாத்திரங்களைப் பட்டியலோடு எண்ணட்டும். குறைவதை இப்போதே கண்டுபிடித்தால்தான் நண்பகலுக்குள் ஸ்டோரிலிருந்து வாங்க முடியும். பிறகு படுக்கையறை, முன்னறை, சமையலிடம், கடைசியில் குளியலறை. எங்கும் மேலிருந்து கீழே. தரையை உள் மூலையில் தொடங்கிப் பின்வாங்கியபடியே வாசலில் முடிக்க வேண்டும். டாய்லெட் துணிக்குத் தனி நிறம். அந்தத் துணி சமையலிடத்துக்குள் வரவே கூடாது.

புகார் வருவது பெரும்பாலும் ஐந்தாறு இடங்களில்தான்: வாணலியின் அடிப்பக்கம், ஓவன் தட்டு, குளியலறை வடிகாலில் முடி, சோபாவின் அடி, வெளியே நிற்கும் பார்பிக்யூ கம்பி. எல்லாவற்றிலும் முதலிடம், அணைத்த ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்தது. ஆகவே கதவைப் பூட்டுமுன் ஃபிரிட்ஜ், வாட்டர் ஹீட்டர், விளக்கு என்று விரலால் தொட்டுச் சொல்லிக்கொண்டே வெளியேறுங்கள். தரை காய்ந்தபின் காலில் ஒட்டினால் சோப்பு அதிகம் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பிசுக்கில் மணல் வந்து படியும். சில நாள் யாரும் இல்லாத வீட்டில் சாக்கடை நாற்றம் வந்தால் சுத்தத்தில் குறையில்லை. சிங்க்குக்கு அடியில் வளைந்த குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கிறது. ஒவ்வொரு வடிகாலிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

கேள்வி: படிவு நீக்கியோடு பிளீச்சும் சேர்த்தால் இன்னும் பளிச்சென்று ஆகுமா?

பதில்: ஆகாது, ஆளைக் கொல்லும். படிவு நீக்கி ஒரு அமிலம். அமிலமும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கைகால் நீட்ட இடமில்லாத மொபைல் ஹோம் குளியலறையில் இரண்டு மூச்சே ஆபத்து. வினிகரும் அமிலம்தான். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனரோடும் பிளீச் சேரக் கூடாது. ஒன்றைப் போட்டால் நன்றாக அலசிவிட்டுத்தான் மற்றது. பிளீச் சுண்ணாம்பைக் கரைக்காது, நிறத்தை மட்டும் எடுக்கும். வெந்நீரில் கலந்தால் அதன் வீரியமும் போய்விடும். குடிநீர் பாட்டிலில் எந்த மருந்தையும் ஊற்றி வைக்காதீர்கள்.

கேள்வி: புதிய பருத்திக் கித்தான் கூடாரம் முதல் மழையிலேயே தையலோரம் ஒழுகியது. துணியில் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. ஊசி போன துளைகளை அடைப்பது நூலேதான். நனைந்து உப்பினால்தான் அடைபடும். புதுக் கூடாரத்தை நிறுத்தி, குழாயால் நனைத்து, முழுக்கக் காயவிட்டு, மறுபடி நனையுங்கள். இரண்டு மூன்று முறைக்குப் பின் நின்றுவிடும். மழை பெய்யும்போது உட்புறத்தை விரலால் தொடவோ, கட்டிலை ஒட்டிப் போடவோ கூடாது. தொட்ட இடத்தில் நீர் உள்ளே இறங்கும். விருந்தினருக்கு இதைச் சொல்லிவிடுவது உங்கள் வேலை.

நிறுத்தும்போது கதவு ஜிப்புகளை மூடிவிட்டுத்தான் முளை அடிக்க வேண்டும். திறந்து வைத்து அடித்தால் பிறகு ஜிப் சேராது, இழுத்தே கிழிப்பார்கள். நான்கு மூலையை அடித்ததும் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள். சமமாக இருந்தால் சதுரம் சரி. முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்புறம் சாய்ந்து, சுமார் 45 டிகிரியில் இருக்க வேண்டும். கல் தரைக்குக் கட்டியான இரும்பு முளை, மணலுக்கு நீளமும் அகலமுமானது.

கயிற்றில் ஒரு நுணுக்கம் உண்டு. பருத்திக் கயிறு நனைந்தால் சுருங்கும், நைலான் நனைந்தால் நீளும். மழை வரும் இரவுக்கு முன் பருத்திக் கயிற்றைச் சற்றுத் தளர்த்த வேண்டும். நைலானை மழை தொடங்கியபின் இழுத்துக் கட்ட வேண்டும். தளர்ந்து தொங்கும் கூரையில் தண்ணீர் குளம் கட்டி, கம்பியையே வளைத்துவிடும்.

சீசன் முடிவில் ஈரத்தோடு மடித்தால் சில நாளிலேயே கரும்புள்ளி விழும். பூஞ்சணம் பிடித்த கித்தானைப் பழையபடி ஆக்க வழி கிடையாது. மழையில் பிரிக்க நேர்ந்தால், ‘ஈரம்’ என்று அட்டை கட்டி, ஒன்றிரண்டு நாளுக்குள் கூரைக்கடியில் விரித்துக் காயவையுங்கள்.

கேள்வி: ஏப்ரல் காலையில் விருந்தினர் அடுப்பு எரியவில்லை என்கிறார். சிலிண்டரை அசைத்தால் உள்ளே திரவம் இருக்கிறது. என்ன கோளாறு?

பதில்: குளிர். அது புட்டேன் சிலிண்டராக இருக்கும். புட்டேன் 0 டிகிரியை ஒட்டிய குளிரில் ஆவியாவதில்லை. சிலிண்டர் நிறைய இருந்தும் அடுப்புக்கு ஒன்றும் வராது. புரொப்பேன் மைனஸ் 42 டிகிரிவரை ஆவியாகும். மலைப்பகுதித் தளங்களில் அதனால்தான் புரொப்பேன். இரண்டுக்கும் ரெகுலேட்டர் வேறு: பிரான்ஸில் புட்டேனுக்கு 28 மில்லிபார், புரொப்பேனுக்கு 37. மாற்றிப் போடாதீர்கள். சூடாக்கலாம் என்று சிலிண்டரில் வெந்நீர் ஊற்றுவதோ ஹீட்டர் அருகே வைப்பதோ கூடாது.

பிரான்ஸின் 13 கிலோ சிலிண்டர்களில் மறை எதிர்த்திசையில் இருக்கும். இறுக்குவதற்கு இடப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் வலப்பக்கம் முறுக்கி மறையைக் கெடுப்பது புது ஆட்களின் வழக்கம். மாற்றியபின் வால்வைத் திறந்து இணைப்புகளில் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பது பைத்தியக்காரத்தனம். ரப்பர் குழாயில் காலாவதி ஆண்டு அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

இந்த இரண்டு வாயுவும் காற்றைவிடக் கனமானவை, தரையோரம்தான் தேங்கும். மொபைல் ஹோமின் அடியில் இருக்கும் காற்றுத் துளைகளை விருந்தினர் பாய் போட்டு மூடியிருந்தால் எடுத்துவிடுங்கள். இதைவிடப் பயப்பட வேண்டியது, அணைந்துவிட்டது போலத் தோன்றும் கரி பார்பிக்யூவைக் குளிருக்காகக் கூடாரத்துக்குள் எடுத்துப் போவது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வரும். ஆளை வெளியே இழுத்துவிட்டு 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: மனையில் கரண்ட் அடிக்கடி போகிறது. பிரேக்கரைத் திரும்பத் தூக்கிவிட்டால் போதாதா?

பதில்: எது இறங்கியது என்று பாருங்கள். எம்.சி.பி. (அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்தால் இறங்கும் பிரேக்கர்) என்றால் சுமை அதிகம். ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் இறங்கும் பிரேக்கர்) என்றால் எங்கோ கசிவு. இரண்டும் வெவ்வேறு கதை.

சுமைக்கு எளிய கணக்கு: 230 வோல்ட் பெருக்கல் ஆம்பியர். 6 ஆம்பியர் மனையில் 1380 வாட்டும் 10 ஆம்பியரில் 2300 வாட்டும்தான் கிடைக்கும். வீட்டுக் கெட்டில் 2000 வாட் இழுக்கும். ஆகவே 6 ஆம்பியர் மனையில் அது தனியாகவே பிரேக்கரை இறக்கும், 10 ஆம்பியரில் கூடவே ஹீட்டர் ஓடினால் இறக்கும். விருந்தினரிடம் ‘கரண்ட் பிரச்சினை’ என்று மழுப்பாமல் இந்த எண்களைச் சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

கசிவு என்றால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டு, பிரேக்கரைத் தூக்கி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் இறங்குகிறதோ அதுதான் குற்றவாளி. மழைக்குப் பின் என்றால் புல்லில் கிடக்கும் இணைப்பில் நீர் போயிருக்கும். எதுவும் செருகாமலே இறங்கினால் தொடாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இன்னொன்று: டிரம்மில் சுற்றிய கேபிளை முழுக்க உருவிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுற்றியபடியே 2000 வாட் ஓடினால் உள் அடுக்குகளின் சூடு வெளியேற வழியில்லாமல் உறை உருகிவிடும்.

கேள்வி: சீசன் தொடக்கத்தில் ஆளில்லாத மொபைல் ஹோம்களில் ஷவரைத் திறந்துவிட்டு ஓடவிடச் சொல்கிறார்கள். தண்ணீர் வீண்தானே?

பதில்: குழாயில் தேங்கிய தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி வெப்பம் அதற்குத் தோது. குடிப்பதால் அல்ல, ஷவரின் நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால் நிமோனியா வருகிறது. எனவே வெந்நீர்த் தொட்டியை 60 டிகிரியில் வைப்பதும், பயன்படாத குழாய்களை வாரம் ஒருமுறை ஓடவிடுவதும் கட்டாயம். ஷவர் தலையைக் கழற்றிவிட்டோ ஒரு பைக்குள் வைத்தோ ஓடவிடுங்கள், நீங்கள் வெளியே நில்லுங்கள்.

குளிர்காலத்துக்காக நீரை வடித்து வைத்த வீட்டைத் திறக்கும்போது பிரதான வால்வை மெல்லத் திறக்க வேண்டும். ஒருவர் உள்ளே சிங்க்கின் அடியையும் டாய்லெட்டின் பின்புறத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சரியாக வடியாமல் தங்கிய நீர் உறைந்து குழாயை வெடிக்க வைத்திருந்தால் அங்கேதான் முதலில் தெரியும். வெந்நீர்க் குழாயில் காற்று நின்று தண்ணீர் சீராக வந்தபின்புதான் ஹீட்டர் சுவிட்சு. காலித் தொட்டியில் போட்டால் சூடாக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

கேள்வி: என்ன எடுத்துப் போவது?

பதில்: தலையில் மாட்டும் டார்ச், காதடைப்பு, பூட்டு, நல்ல மழைக்கோட்டு, நடந்து பழகிய மூடிய காலணி இரண்டு ஜோடி. ஒன்று எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும். ஏப்ரல் இரவுக்குக் கனமான உறக்கப்பை. ரப்பர் கையுறை தளத்தில் தருவார்கள், உங்கள் அளவில் இருக்காது.

கேள்வி: இரவு 11 மணிக்கு மேலும் கூச்சல் போடும் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது?

பதில்: தனியாகப் போகாதீர்கள், இருவராகப் போங்கள். டார்ச்சை முகத்தில் அடிக்காமல் தரையில் அடியுங்கள். பாட்டை நிறுத்தச் சொல்வதைவிட, பக்கத்து மனையில் கைக்குழந்தை தூங்குகிறது என்று சொல்வது நன்றாக வேலை செய்யும், உண்மையிலேயே தூங்கினால் மட்டும். இரண்டாம் முறை போக நேர்ந்தால் நேரத்தையும் மனை எண்ணையும் குறித்துவைத்து இரவுக் காவலரிடம் ஒப்படைத்துவிடுங்கள். காலையில் மேலாளர் அவர்களைக் காலி செய்யச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் குறிப்பைத்தான் கேட்பார்.